புதுப்பிப்பு: நிலா வெள்ளை உருண்டையா வருதுன்னு புலம்பினேனே, அது சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, 300 எம்எம் லென்ஸ்ல நிலாவ எடுத்தா பல்பு மாதிரி வருதுன்னு. கேமராவ மேனுவல்ல போடு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்த உணர்ற அளவு) 100, எஃப் (லென்ஸ் துவாரம்) 11, ஷட்டர் 1/100 செகண்டுன்னு ஒருத்தர் சொன்னார், ராத்திரில இவ்ளோ கம்மியா வெளிச்சம் விட்டா போதுமான்னு மனசுக்குள்ள சிரிச்சேன், ஆனா நிலா மேல விழறது நேர் வெயில்தானே, அப்ப பகல் செட்டிங்தான் வேணும், இது ஏன் எனக்குத் தோணல. நேத்து ராத்திரி மொட்டை மாடில ட்ரை பண்ணேன், இருட்டும் வெளிச்சமும் சேர்ற கோட்டுல பள்ளம் பள்ளமா வந்துது!

அதே ஜோர்ல இன்னிக்கு காலைல பெங்களூரு லால்பாக் தோட்டத்துக்குப் போயிட்டேன். பௌர்ணமி முடிஞ்சு அஞ்சு நாள், ஏழு மணிக்கும் மேற்கால நிலா நல்லா தெரிஞ்சுது. கெம்பேகவுடா கோபுரம் இருக்கிற பாறை மேல உக்காந்தேன், சுமார் 300 கோடி வருஷப் பாறையாம், அதுமேல ஒருத்தர் ரீல்ஸ் எடுத்துட்டிருந்தார்.

அங்க ஏரிக்கரையில ஒரு மடையான், அதான் குளத்துக் கொக்கு. சேத்து கலர்ல, கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு கல்லு மாதிரி இருபது நிமிஷம். நானும் அசையல. பறக்கும்போது றெக்க சுத்த வெள்ளையா விரியும், அத பிடிக்கணும்னுதான். விரிச்சுது. எனக்கு ஷட்டர் இன்னும் 1/100லயே இருந்துது, நிலாவுக்கு வச்சது, பறக்கிற பறவைக்கு அது ரொம்ப மெதுவு. வெள்ளைத் துணி காத்துல பறக்கிற மாதிரி ஒரே கலங்கல்.

நிலா படம் கீழ போடறேன். மடையான் படம் கேக்காதீங்க.