சைக்கிளோடு விமானம் ஏறியவர்களின் அனுபவங்கள்: திருநெல்வேலிச் சீமையிலிருந்து

பாளையங்கோட்டையிலிருந்து:

மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை என் சொந்தச் சைக்கிளிலேயே செல்ல வேண்டும் என்பது எனக்குப் பல ஆண்டு ஆசை. அங்கேயே வாடகைக்கு வண்டி கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள்; ஆனால் ஞாயிறுதோறும் பாபநாசத்துக்கும் மணிமுத்தாற்றுக்கும் மிதித்து உடம்புக்குப் பழகிப்போன சீட்டையும் ஹேண்டில்பாரையும் விட்டுவிட்டு, முன்பின் அறியாத வண்டியில் மலையேற மனம் ஒப்பவில்லை. ஆகவே சென்ற ஆண்டு தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாக டெல்லி வரை அதைக் கொண்டுசென்று, அங்கிருந்து பேருந்தில் மணாலியை அடைந்தேன். திரும்பும்போது லேயிலிருந்தே விமானத்தில் ஏற்றினேன். போகும்போது ஒரு கீறல்கூட விழவில்லை. வரும்போது சேதம் நேர்ந்தது. அதில் பாதிப் பொறுப்பு என்னுடையது என்பதால் இரண்டையும் விரிவாக எழுதுகிறேன்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்திலிருந்து கிளம்புகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே எந்த வகை விமானம் வருகிறது என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் ஓடுதளம் நெடுங்காலம் 1,350 மீட்டர் நீளமே இருந்ததால், விசிறி பொருத்திய ஏடிஆர் 72 வகைச் சிறு விமானங்கள்தாம் இங்கே வந்து போயின. 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது, ஓடுதளமும் நீட்டப்பட்டது. ஆனாலும் நான் சென்றது ஏடிஆரில்தான். பெரிய விமானங்களில் பயணிகளின் காலடிக்குக் கீழே நீளமான சரக்கறை இருக்கும். ஏடிஆரில் அப்படி இல்லை. விமானி அறைக்குப் பின்னால் ஒன்றும் வால் பக்கம் ஒன்றுமாகப் பயணிகளின் தளத்திலேயே சிறிய அறைகள் இருக்கின்றன. அன்றைக்கு மற்றவர்களின் பெட்டிகள் மிகுந்துவிட்டால் நம்முடைய பெட்டி தரையிலேயே நின்றுவிடலாம். நான் முன்கூட்டியே மின்னஞ்சலில் பெட்டியின் நீளம், அகலம், உயரம், எடை நான்கையும் எழுதிக் கேட்டதற்கு, இடமிருந்தால் ஏற்றிக்கொள்கிறோம் என்றுதான் பதில் வந்தது. அந்த ஒற்றை வரியை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த இளைஞர் முதலில் தயங்கியபோது அந்தத் தாள்தான் எனக்காகப் பேசியது.

பெட்டிக்காக நான் பணம் செலவிடவில்லை. புதுச் சைக்கிள் வந்திறங்கும் அட்டைப்பெட்டியைக் கடைக்காரர்கள் பழைய அட்டையோடு எடைக்குப் போட்டுவிடுவார்கள். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். பெட்டியோடு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவில் செருகி வரும் பிளாஸ்டிக் கட்டையையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஃபோர்க் வெறும் இரண்டு குச்சிகளாக நிற்கிறது. மேலே ஒரு கனத்த பெட்டி விழுந்தால் உள்நோக்கி வளைந்துவிடும். அந்தக் கட்டை அதைத் தாங்கிக்கொள்ளும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியானால், பிரேக் பேடுகளுக்கு நடுவிலும் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்துவிட வேண்டும். சக்கரம் இல்லாதபோது லீவர் அழுந்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு, பிறகு பிரிப்பது பெரும்பாடாகிவிடும்.

பெடல்களைக் கழற்றுவதில் புதியவர்கள் பலர் திணறுகிறார்கள். வலப்பக்கப் பெடல் வழக்கமான மரைதான். இடப்பக்கத்தில் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கிளம்பும் நாள் காலையில் அவசரத்தோடு இதைச் செய்யாமல், ஒரு வாரம் முன்பே இரண்டையும் ஒருமுறை கழற்றி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டி வைத்துவிடுங்கள். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டை இறக்கும் முன் அதன் உயரத்தை டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டேன். சைக்கிளின் சட்டத்தை (ஃபிரேமை) சுற்றிப் போர்த்த, வீட்டில் கிடந்த பழைய பத்தமடைக் கோரைப்பாயை அறுத்துப் பயன்படுத்தினேன். தெர்மகோல் உடைந்து தூளாகிவிடுகிறது. கோரை அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், உராயவும் விடாது. கட்டுவதற்குக் கிழிந்த டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டைகளே போதும்.

பெட்டியை வீட்டிலேயே முழுக்க ஒட்டிக்கொண்டு போனதுதான் அன்று நான் செய்த தவறு. ஸ்கேனரின் வாய்க்குள் அது நுழையாததால் பாதுகாப்புப் பணியாளர்கள் திறந்து காட்டச் சொன்னார்கள். நல்லவேளையாக, கையாலேயே கிழிக்கக்கூடிய டேப் ஒரு சுருள் கொண்டுபோயிருந்ததால் மறுபடியும் ஒட்ட முடிந்தது. மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்றது இதற்கே சரியாகிவிட்டது.

ஏடிஆரில் ஏறுவதற்குத் தளத்தில் நடந்து சென்று வால்பக்கக் கதவின் படியில் ஏற வேண்டும். சரக்கு முன்பக்கக் கதவு வழியாக ஏறும். வரிசையில் நின்றபடியே என் பெட்டியை இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்து உள்ளே செலுத்துவதைக் கண்ணாரப் பார்த்தேன். அதன் பிறகே எனக்கு மூச்சு சீரானது.

வள்ளியூரிலிருந்து:

தம்பி, நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு சில மாதங்கள் தங்கச் சென்றபோது என் சைக்கிளையும் திருவனந்தபுரத்திலிருந்து கொண்டுசென்றேன். எங்கள் ஊரிலிருந்து அந்த விமான நிலையத்துக்குக் காரில் போவது எளிது. அங்கே பெரிய விமானங்கள் வருவதால் பெட்டி ஏறுமா என்ற கவலையும் இல்லை. எடையை மட்டும் கவனிக்க வேண்டும். தூக்குகிற தொழிலாளர்களின் முதுகைக் கருதி, தனியொரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. அதற்கு மேலிருந்தால் கூடுதல் கட்டணம் தருகிறேன் என்றாலும் வாங்கமாட்டார்கள்.

டயரில் காற்றை இறக்கிவிடச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் வானத்தில் வெடித்துவிடுமாம் என்று பலர் அஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். சரக்கறையிலும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் காக்கப்படுகிறது. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கீழே அது இறங்குவதில்லை. தரையில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டாக இருப்பது அங்கே 11 பவுண்டு அளவுக்குக் குறையும். ஆகவே 80 பவுண்டு காற்றடைத்த டயர் உணரும் கூடுதல் அழுத்தம் 4 பவுண்டுக்கும் குறைவே. நல்ல டயர் அதற்கு வெடிக்காது. எனினும் கவுண்டரில் நின்று இதை வாதிட வேண்டாம். பாதிக் காற்றை இறக்கிவிட்டு, ரிம்மைக் காக்க மீதியை விட்டு வையுங்கள்.

வெளிநாடு செல்கிறவர்களுக்கு இன்னொன்று. விலை கூடிய சைக்கிளானால், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி, ஃபிரேமில் பொறித்த எண்ணைக் குறிப்பிட்டு ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அது அங்கே வாங்கிய பொருள் அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். அரை மணி நேரம் காத்திருந்து அதை வாங்கினேன். வரும்போது ஒரு கேள்வியும் எழவில்லை.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, என் அனுபவம் ஏறாமல் போன சைக்கிளைப் பற்றியது. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் பேட்டரியில் ஓடும் சைக்கிள் வாங்கியிருந்தோம். டெல்லியில் தம்பி வீட்டுக்குப் போகும்போது அதையும் கொண்டுசெல்ல நினைத்தேன். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி; பெருக்கினால் 360 வாட்-மணி. லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை தடையில்லை, அதிலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 160ஐத் தாண்டினால் இத்தகைய சைக்கிள் பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் அனுமதி இல்லை. நெருப்புப் பிடித்தால் அணைப்பது கடினம் என்பதால் வைத்த விதி. எனக்கு வருத்தம் இருந்தாலும் அது நியாயம் என்றே படுகிறது. டிக்கெட் எடுக்கும் முன் கணக்குப் போட்டுப் பார்த்ததால் பணம் வீணாகவில்லை. சாதாரணச் சைக்கிள் வைத்திருப்பவர்களும் விளக்கின் பேட்டரியையும் பவர் பேங்கையும் பெட்டிக்குள் விட்டுவிடாமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் நேர்ந்த சேதம் என்னவென்று சொல்லவில்லையே?

பாளையங்கோட்டையிலிருந்து:

சொல்கிறேன் அக்கா. லேயில் விமானம் அதிகாலையில். முந்தின இரவு குளிரில் விரல் மரத்துப்போக, பின்சக்கரத்தருகே சங்கிலியை நகர்த்திக் கியர் மாற்றும் டிரெயிலியர் என்ற கருவியைக் கழற்றாமல் அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன். போகும்போது அதைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்துக்குள் கட்டியிருந்தேன். இரண்டு இடங்களில் விமானம் மாறி வந்த பெட்டியின் ஒரு முனை நசுங்கியிருந்தது. வீடு போய்ச் சேரும் அவசரத்தில் வாகைகுளத்தில் அதைத் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் பிரித்தபோது டிரெயிலியர் தொங்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டு உள்நோக்கி வளைந்திருந்தது.

அந்த விமான நிறுவனத்துக்கு எழுதினேன். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் சொல்லியிருக்க வேண்டும் என்றும், ஏற்றும்போதே சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற சீட்டில் நான் கையெழுத்திட்டிருப்பதாகவும் பதில் வந்தது. நசுங்கிய பெட்டியைக் கண்ணால் கண்டும் கையில் கொடுத்த பணியாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. பன்னாட்டுப் பயணங்களுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை, சேதமடைந்த பெட்டியைப் பற்றி 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்கிறது. நான் அறிந்துகொண்ட வழி இதுதான்: பெட்டி எப்படி வந்தாலும் பெல்ட்டின் அருகிலேயே திறந்து, படம் எடுத்து, அங்கேயே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி வடிவம். திருநெல்வேலியில் எந்தக் கடையிலும் என் வண்டிக்குரியது கிடைக்கவில்லை; வெளியூரிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை வண்டி திண்ணையில் நின்றது. வரவழைத்தபோது இரண்டாக வாங்கினேன். ஒன்று வண்டியில் இருக்கிறது. மற்றொன்றை அடுத்த பயணத்துக்கென்று ஆலன் கீயோடு சேர்த்துச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் வைத்திருக்கிறேன்.