பனி பெய்தால் பொய் சொல்லும் போர்டு: பிளக்ஸ் பிசுக்கை எப்படி எடுப்பது?

கேள்வி (மன்னார்குடி பக்கம்)

வணக்கம். மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் சர்க்யூட் போர்டு ஒன்றை நானே சால்டர் செய்து மாட்டியிருக்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு தொல்லை. விடிகாலையில் தொட்டி காலியாக இருந்தாலும் ‘நிறைந்தது’ விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுவதில்லை. பத்து மணி வெயிலில் தானாகச் சரியாகிவிடுகிறது. தொட்டிக்குப் போகும் கம்பிகளைக் கழற்றிவிட்டும் பார்த்தேன், விளக்கு அப்போதும் எரிகிறது. சென்சார் பக்கம் 1 மெகா ஓம் ரெசிஸ்டர். ஈயம் நன்றாக ஒட்டுவதற்கான பிளக்ஸாக, டப்பாவில் வரும் சால்டரிங் பேஸ்ட்டைத் தாராளமாகவே பூசினேன். பெயின்ட் தின்னரால் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, டெர்மினல் பிளாஸ்டிக்கும் மங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் (கும்பகோணம்)

தம்பி, கம்பியைக் கழற்றிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி தேடல் முடிந்தது. கோளாறு போர்டில்தான். பேஸ்ட் பிசுக்கில் இருக்கும் அமிலமும் உப்பும் பனி ஈரத்தை இழுத்துக்கொண்டு, போர்டின் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே மின்சாரத்தைக் கசியவிடும். 1 மெகா ஓம் உள்ள இடத்தில் அந்தச் சொட்டுக் கசிவே தண்ணீர் தொட்டது போலாகிவிடும். உறுதிசெய்ய ஒரு வழி: கரண்ட்டைத் துண்டித்து, கெப்பாசிட்டர் இறங்கும்வரை பொறுங்கள். அப்புறம் மீட்டரை மெகா ஓமில் வைத்து, சென்சார் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு வாயால் ஊதுங்கள். அளவு சரிந்தால் பிளக்ஸ்தான்.

தின்னர் வேண்டாம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், பிளக்ஸில் இருக்கும் ரோசின் என்ற மரப்பிசின் சரியாகக் கரையாது. பழைய டூத் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். தேய்த்துவிட்டு அப்படியே காயவிடுகிறார்கள். ஆல்கஹால் பறந்துவிடும், அதில் கரைந்த பிளக்ஸ் பறக்காது. ஒரு மூலையில் இருந்த பிசுக்கு போர்டு முழுக்க மெழுகியது போலப் பரவிவிடும். அதனால் ஈரம் காயும் முன்பே போர்டைச் சாய்த்துப் பிடித்து, புது ஆல்கஹாலை மேலிருந்து ஊற்றி வழியவிடுங்கள். கீழ் ஓரத்தைப் பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால்தான் கையில் ஒட்டாது.

பதில் (நாகப்பட்டினம்)

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் தின்னரில் கரையாத உப்பு. பேஸ்ட்டின் பிசுக்கை ஆல்கஹாலில் தேய்த்து எடுத்தபின், வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதேதான். போர் தண்ணீர் கூடவே கூடாது; எங்கள் கடலோரத் தண்ணீர் காய்ந்தால் அதுவே உப்பை விட்டுப் போகும். கடைசியாக இன்னொரு முறை ஆல்கஹால், பிறகு நல்ல வெயில். மூடியில்லாத ரிலே (மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்), பிரீசெட் (திருகி அளவு வைக்கும் ரெசிஸ்டர்), பஸ்ஸர் இவற்றில் எதுவும் இறங்கக் கூடாது. கரைந்த பிளக்ஸ் ரிலே காண்டாக்டில் படிந்தால் அது வேறு வினை.

சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐசோபுரொப்பைல் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவி விடும். நம் ஊரில் மார்கழியிலும் அத்தனை குளிர் கிடையாது.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணே, இருவருக்கும். ஊதியதும் மீட்டர் சரிந்தது! கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். இப்போது ஊதினால் அளவு அசையவில்லை. மூன்று விடியலாக விளக்கு சரியாக எரிகிறது. இனிப் பனி ஏறாமலிருக்க மேலே வார்னிஷ் அடிக்கலாமா?

பதில் (கும்பகோணம்)

அடிக்கலாம். சர்க்யூட் போர்டுக்கென்றே வரும் அக்ரிலிக் ஸ்பிரே வாங்குங்கள். சுத்தம் முழுதாக முடிந்த பிறகு மட்டும்தான். பிசுக்கின் மேல் அடித்தால் அதை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். டெர்மினலையும் ரிலேயையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அடுத்த போர்டுக்கு அந்த டப்பா பேஸ்ட்டைத் தொடாதீர்கள் தம்பி, உள்ளே ரோசின் உள்ள ஈயக் கம்பியே போதும்.