நகலெடுக்காத வலையமைப்பு அனுப்புகை: இடையகத்தை மீண்டும் எப்போது தொடலாம்?

கொக்குவில் மாணவன்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் நான், இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஒரு சிறிய பணிசெயல் முறைமையின் கேர்னலை (வன்பொருளையும் நினைவகத்தையும் ஆளும் அதன் மையப் பகுதியை) எழுதிவருகிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் மின்வருடி வைத்துள்ள பழைய நாளிதழ்ப் பக்கங்களை வாசகரின் திரைக்கேற்ற அளவில் மாற்றி அனுப்பும் சேவையகம் அதன்மேல் ஓடவேண்டும் என்பது என் விருப்பம். அளவு மாற்றிய படம் பயனர் நினைவகத்திலேயே உருவாவதால், கோப்பை நேரே வலையமைப்புக்கு அனுப்பும் சென்ட்பைல் இங்கே பொருந்தாது. ஆகவே, லினக்ஸின் 4.14 ஆம் பதிப்பில் வந்த எம்எஸ்ஜி சீரோகொப்பி வசதியை, அதாவது நிரலின் நினைவகத்திலுள்ள தரவைக் கேர்னலுக்குள் நகலெடுக்காமல் அங்கிருந்தே அனுப்பும் வழியை, முதலில் பரிசோதித்தேன். அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் ஒரே கணினியில் ஓடின. வழமையான அனுப்புகையைவிட அது மெதுவாகவே இருந்தது. நகலெடுப்பு என்ற ஒரு வேலையை நீக்கிய பின்னர் வேகம் குறைவது ஏன்?

சுன்னாகத்தார்:

தம்பி, நீங்கள் அளந்த இடமே காரணம். பொதி (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டு) அதே கணினியிலுள்ள இன்னொரு சொக்கெட்டுக்குப் (நிரலின் வலையமைப்பு இணைப்பு முனைக்குப்) போகும்போது லினக்ஸ் தரவை நகலெடுத்துவிடும்; பெறும் நிரல் வாசிக்காமல் தாமதித்தால் அனுப்பியவரின் நினைவகப் பக்கங்கள் எல்லையின்றி முடங்கிக் கிடக்கும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். ஆக, அந்தப் பக்கங்களை இடம்பெயராதபடி நினைவகத்தில் நிலைநிறுத்தும் செலவும், நிறைவு அறிவித்தலின் செலவும், நகலெடுப்பின் செலவும் என மூன்றையும் நீங்கள் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். சொக்கெட்டின் பிழை வரிசையில் வரும் அறிவித்தலைப் பாருங்கள். நகலெடுக்க நேர்ந்ததா என்பதை அது குறித்துக்காட்டும். இரண்டு கணினிகளைக் கம்பியால் இணைத்து மீண்டும் அளவிடுங்கள். ஏறத்தாழ 10 கிலோபைற்றுக்கு மேற்பட்ட அனுப்புகைகளிலேயே இவ்வசதி பொதுவாகப் பயன்தரும் என்று கேர்னலின் ஆவணமே சொல்கிறது. உங்கள் படங்கள் அதற்கு ஏற்றவை.

கொக்குவில் மாணவன்:

மிக்க நன்றி அண்ணா. இரண்டு கணினிகளுக்கிடையே முறைவழியாக்கியின் சுமை தெளிவாகக் குறைந்தது. ஆனால் சில படங்களின் கீழ்ப்பகுதியில் அடுத்த நாளிதழ்ப் பக்கத்தின் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ரீ.சி.பி. நெறிமுறை, தரவு வழியில் சிதைந்ததா என்று அறியப் பொதியுடன் அனுப்பும் சரிபார்ப்புத்தொகை இதை ஏன் பிடிக்கவில்லை?

பருத்தித்துறை வாசகர்:

வழமையான அனுப்புகையில் அழைப்பு திரும்பி வந்தால் இடையகம் (அனுப்பும் தரவை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) மீண்டும் உங்களுடையது. நகலெடுக்காத அனுப்புகையில் அழைப்பு திரும்பி வருவதன் பொருள், தரவு வரிசையில் சேர்ந்துவிட்டது என்பது மட்டுமே. நீங்கள் அடுத்த படத்தை அதே இடையகத்தில் எழுதியபோது முந்தைய படத்தின் பிற்பகுதி இன்னும் கம்பிக்குப் போயிருக்கவில்லை. வலையமைப்பு அட்டை, பொதி வெளியேறும் நேரத்தில் நினைவகத்தில் இருப்பதை வாசித்தே சரிபார்ப்புத்தொகையைக் கணிக்கிறது. பிழையான தரவுக்குச் சரியான தொகை போடப்படுவதால் மறுமுனைக்கு எந்த ஐயமும் எழுவதில்லை.

உங்கள் கேர்னலில் முதலில் தீர்மானிக்க வேண்டியதும் இடையகம் எப்போது யாருடையது என்ற இந்த உரிமைதான். ரீ.சி.பி.யில் மறுமுனையின் ஒப்புகை வரும்வரை மீளனுப்பவேண்டிய தேவை எழலாம். ஆகவே பக்கத்தை விடுவிக்கும் நேரத்தை உங்கள் கேர்னல் அல்ல, தொலைவிலுள்ள யாரோ ஒருவரின் கணினி முடிவுசெய்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேற்கோள் எண்ணிக்கை (அதை இன்னும் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை) வைத்து, அது பூச்சியமானதும் நிறைவு வரிசையில் அறிவியுங்கள். ஒரு செயல்முறை எவ்வளவு பக்கங்களை இப்படி நிலைநிறுத்தலாம் என்பதற்கு வரம்பும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒப்புகை அனுப்பாத ஒரு வாடிக்கையாளர் உங்கள் நினைவகத்தையே பிடித்துவைத்திருப்பார். பக்கத்தை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி, எழுதப்படும்போது நகலெடுக்கலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் முகவரி மாற்றத் தற்காலிகச் சேமிப்புகளை (நிரலின் முகவரி நினைவகத்தில் எங்கே உள்ளது என்ற குறிப்புகளை) முறைவழியாக்கியின் எல்லாக் கருக்களிலும் அழிக்கவேண்டிவரும். அச்செலவு சில பைற்றுகளை நகலெடுப்பதைவிடப் பெரிது. லினக்ஸ் அந்தப் பாதுகாப்பைத் தராமல் பொறுப்பை நிரலிடமே விட்டிருப்பது சரியான தெரிவு என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்று: உங்கள் அட்டை சரிபார்ப்புத்தொகையைத் தானே கணிக்காவிட்டால் முறைவழியாக்கி ஒவ்வொரு பைற்றையும் எப்படியும் வாசிக்கத்தான் வேண்டும். அப்போது வாசித்தபடியே நகலெடுப்பது ஏறக்குறைய இலவசம்.

சுன்னாகத்தார்:

பெறும் தரப்பையும் யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அது இன்னும் கடினம். பொதியின் முன்னே முகவரி விவரங்களைக் கொண்ட தலைப்பை வாசிக்கும்வரை அது யாருக்குரியது என்று தெரியாது, தரவோ ஏற்கனவே நினைவகத்தில் இறங்கிவிட்டது. 1500 பைற்றுப் பொதி 4096 பைற்றுப் பக்கத்தை நிரப்பாததால், பக்கத்தை அப்படியே நிரலின் முகவரிவெளியில் பொருத்தவும் முடியாது. லினக்ஸின் 4.18 ஆம் பதிப்பில் வந்த ஏ.எப். எக்ஸ்.டி.பி. என்ற சொக்கெட் வகை வேறு வழியில் போகிறது: நிரல் முன்கூட்டியே பதிவுசெய்த நினைவகத்தை நான்கு வளையங்கள் (வட்டமாகச் சுழலும் வரிசைகள்) வழியாகக் கேர்னலும் நிரலும் மாறி மாறிக் கையளித்துக்கொள்கின்றன. செயற்றிட்டத்துக்கு இவ்வமைப்பையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்த நினைவகத்தில் நிரலும் எழுதக்கூடும் என்பதால், தலைப்பைச் சரிபார்த்த பின்னர் அங்கிருந்து இரண்டாம் முறை வாசிக்காதீர்கள். சில பத்துப் பைற்றுகளே உள்ள தலைப்பைக் கேர்னலுக்குள் நகலெடுத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விடுங்கள்.