பெரியப்பா போனில் எழுத்தைச் சிறிதாக்கிய கதை

குழு: மேலவீதி வீடு
ஞாயிற்றுக்கிழமை

ராதா, காலை 8.12
அப்பா நேற்று இரவு கரண்ட் பில் கட்ட உட்கார்ந்து, பாதியில் போனைத் தூக்கி வைத்துவிட்டார். பொத்தானையே காணோம் என்கிறார். கார்த்திக், போன வாரம் வந்தபோது அந்தப் போனில் என்னடா செய்தாய்?

கார்த்திக், 8.15
நல்லதுதான் அக்கா செய்தேன். எழுத்து அளவை 200 சதவீதத்தில் வைத்தேன். திரையில் இருப்பது எல்லாவற்றையும் பெரிதாக்கும் டிஸ்பிளே சைஸையும் கடைசி வரை இழுத்துவிட்டேன்.

ராதா, 8.16
அதுதான். பணம் கட்டும் பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. அந்த ஆப்பில் கீழே நகர்த்தவும் வழியில்லை.

பெரியப்பா, 8.31
தம்பி எழுத்து சின்னதாக இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை படிக்க முடியவில்லை என்றுதான் சொன்னேன்

பெரியப்பா, 8.32
மைக்கில் பேசி அனுப்புகிறேன் புள்ளி கமா எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்

கார்த்திக், 8.33
இரண்டும் ஒன்றுதானே பெரியப்பா?

சுமதி அத்தை, 8.40
ஒன்றில்லை. பெரியண்ணாவுக்கு கிளாக்கோமா என்ற கண் நோய். நடுப்பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது. போன மாதம் சார்ட்டில் கடைசி வரிக்கு முந்தைய வரி வரை படித்தார். போயிருப்பது ஓரப் பார்வை. சுற்றிலும் கறுப்பாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஓரத்தில் ஒரு பொருள் இருப்பதே தெரியாது, அவ்வளவுதான். அதனால்தான் வாசற்படியில் இடித்துக்கொள்கிறார். சொட்டு மருந்து இனி குறையாமல் பார்த்துக்கொள்ளும், போனதைத் திருப்பித் தராது.

இப்போது யோசி கார்த்திக். தெரிவதே ஒரு சின்ன வட்டம். எழுத்தை ஊதிப் பெரிதாக்கினால் அந்த வட்டத்துக்குள் எத்தனை எழுத்து அடங்கும்?

பெரியப்பா, 8.44
அதேதான் சுமதி நேற்று யாரோ கார் என்று மெசேஜ் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்ன காரோ என்று பார்த்தால் கார்த்திக் பெயர்

கார்த்திக், 8.45
😂😂 மன்னித்துவிடுங்கள் பெரியப்பா

கார்த்திக், 8.46
ஆனால் அப்பாயிக்கு இதே மாதிரிதானே வைத்துக் கொடுத்தேன்? அவர்கள் சந்தோஷமாகப் படிக்கிறார்களே.

சுமதி அத்தை, 8.52
அம்மாவுக்கு விழித்திரையின் நடுவில் கோளாறு, மாக்குலா. அண்ணாவுக்கு நேர் எதிர். நடுவில் மங்கல், ஓரம் தெரியும். நம் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்குமே, அது இதனால்தான். ஓரப் பார்வையால் நுணுக்கமாகப் பார்க்க முடியாது, எழுத்து பெரிதாக இருந்தால்தான் பிடிபடும். அம்மா போனில் கை வைக்காதே.

முருகேசன் சித்தப்பா, 9.05
[படம்: இளஞ்சிவப்பு ரோஜா, மேலே மஞ்சள் எழுத்தில் காலை வணக்கம்]

ராதா, 9.06
சித்தப்பா, இங்கே என்ன ஓடுகிறது என்று பார்த்தீர்களா?

பெரியப்பா, 9.08
முருகேசா பூ தெரிகிறது வணக்கம் தெரியவில்லை

சுமதி அத்தை, 9.11
சின்னண்ணா, படத்துக்குள் இருக்கும் எழுத்தை எந்த செட்டிங்கும் மாற்றாது. போனுக்கு அதுவும் ரோஜாவின் ஒரு இதழ் மாதிரிதான். மஞ்சள் எழுத்து, இளஞ்சிவப்புப் பின்னணி வேறு. எனக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. வணக்கம் என்று ஐந்து எழுத்து டைப் அடித்தால் போதும்.

முருகேசன் சித்தப்பா, 9.14
சரி. கல்யாணப் பத்திரிகை, துக்கச் செய்தி எல்லாமும் படமாகத்தானே வருகிறது?

சுமதி அத்தை, 9.15
தேதி, நேரம், மண்டபம் மூன்றையும் கீழே எழுதிவிடுங்கள்.

ராதா, 10.20
அத்தை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்க?

சுமதி அத்தை, 10.24
டிஸ்பிளே சைஸ் பழையபடி. எழுத்து அளவு சாதாரண அளவுக்கு ஒரு படி மேலே. எழுத்தைத் தடிமனாக்கும் போல்டு டெக்ஸ்ட் ஆன். அவருக்கு அளவை விட அழுத்தம்தான் முக்கியம். சாம்பல் நிறத்தில் மெலிசாக எழுதியிருப்பார்களே, அதுதான் கிளாக்கோமாக்காரர்களுக்கு முதல் எதிரி. செட்டிங்கில் ஆக்சஸிபிலிட்டி என்ற பகுதியில், எழுத்தைப் பின்னணியிலிருந்து எடுப்பாகக் காட்டும் ஹை கான்ட்ராஸ்ட் டெக்ஸ்ட் இருந்தால் அதையும் போடு. வாட்ஸ்அப்புக்குள் சாட்ஸ் பகுதியில் தனியாக ஒரு எழுத்து அளவு உண்டு, அதையும் பார்.

ராதா, 10.37
வெள்ளைத் திரை கூசுகிறது என்றார். நிறங்களைத் தலைகீழாக்கும் கலர் இன்வெர்ஷன் போட்டேன். எழுத்து நன்றாக இருக்கிறது, பேரன் போட்டோதான் பிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிட்டது. அப்பா போனைக் கீழே வைத்துவிட்டார்.

கார்த்திக், 10.38
அது வேண்டாம் அக்கா. டார்க் தீம் போதும், போட்டோ போட்டோவாகவே இருக்கும்.

சுமதி அத்தை, 10.41
ஆமாம். ஆனால் கறுப்பில் வெள்ளை எல்லோருக்கும் ஒத்துவராது. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டு. அவர் எதைச் சொல்கிறாரோ அதுதான். நமக்கு நன்றாகத் தெரிவது கணக்கில்லை.

ராதா, 10.55
டார்க் தீமைத்தான் தேர்ந்தெடுத்தார். போன் எண், ஓடிபி மாதிரி பொடி எழுத்துக்கு?

கார்த்திக், 11.02
ஆக்சஸிபிலிட்டியில் மேக்னிஃபிகேஷன் என்று இருக்கும். மூன்று தட்டு தட்டினால் பெரிதாக்கும் குறுக்குவழியை ஆன் செய்யுங்கள். மூன்றாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரிதாகவே இருக்கும், விரலை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். பெரியப்பாவுக்கு அந்த முறைதான் நல்லது. நிரந்தரமாகப் பெரிதாக்கிவிட்டால் திரையில் எந்த மூலையில் இருக்கிறோம் என்றே தெரியாமல் தொலைந்துபோவார். கீபோர்டு மேல் தட்டினால் மட்டும் வேலை செய்யாது.

ராதா, 11.20
நாலு தடவை தட்டுகிறார், இரண்டு தடவை தட்டுகிறார். மூன்று வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

பெரியப்பா, 11.34
வந்துவிட்டது

பெரியப்பா, 11.35
பில்லும் கட்டிவிட்டேன் பொத்தான் இருக்கிற இடத்தில் இருக்கிறது

சுமதி அத்தை, 11.40
இன்னும் ஒன்று. அண்ணா, முகப்புத் திரையில் பேரன் பிறந்தநாள் போட்டோவை வைத்திருக்கிறீர்கள். பலூன், கேக், தோரணம் எல்லாவற்றின் மேலும் ஆப் படங்கள் நிற்கின்றன. எது பலூன் எது வாட்ஸ்அப் என்று தேடுகிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன். வெறும் கறுப்பாக மாற்றிவிடுங்கள்.

பெரியப்பா, 11.58
அது முடியாது

ராதா, 12.10
பேச்சுவார்த்தை நடக்கிறது.

ராதா, 12.25
உள்ளே கறுப்பு, லாக் ஸ்கிரீனில் பேரன். கையெழுத்தாகிவிட்டது.

முருகேசன் சித்தப்பா, 12.31
வணகம்