பதில்: டர்பன் கடைக்கும் வீட்டுக்கும் எந்த அலாரம்?

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தம்பி கேட்டிருந்த கேள்விக்கு லண்டன் மாப்பிள்ளை "மூன்றாம் கிரேடு அலாரம் எடு" என்று எழுதியதையும், சிங்கப்பூர் அண்ணன் "ரெண்டு கேமரா மாட்டினா போதும்" என்று எழுதியதையும் படித்தேன். நானும் தென்னாப்பிரிக்காவில் இதே டர்பன்காரன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். தம்பி செல்போன் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான், இங்கே ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் வீடும் பார்த்துவிட்டான், அலாரம் விற்பவர் வந்து சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் போட்ட அட்டையை நீட்டியிருக்கிறார், எதில் கையெழுத்துப் போடுவது என்று கேட்கிறான். தம்பி, இப்போதைக்கு எதிலும் போடாதே. முதலில் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து வை.

மாப்பிள்ளை சொன்ன கிரேடு கணக்கு சரிதான். ஆனால் அது ஐரோப்பாவின் கணக்கு. இ.என். 50131 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது, அதில் அலாரத்தை ஒன்று முதல் நான்கு வரை பிரித்திருக்கிறார்கள். வருகிற திருடன் யார், அவனுக்கு என்ன தெரியும், கையில் என்ன கருவி வைத்திருப்பான் என்பதுதான் அந்தப் பிரிவினைக்கு அடிப்படை. அலாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கு ஒன்று. கொஞ்சம் தெரிந்தவனுக்கு இரண்டு. அலாரத்தின் நெளிவுசுளிவு தெரிந்து, எலக்ட்ரானிக் கருவிகளோடு வருகிறவனுக்கு மூன்று. திட்டம் போட்டு, பேனலின் (அலாரத்துக்கு மூளையான பெட்டியின்) பாகத்தையே மாற்றி வைக்கக்கூடியவனுக்கு நான்கு. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளும் சின்னக் கடைகளும் இரண்டோடு முடிந்துவிடும், நகைக்கடை மாதிரி இடங்களுக்கு மூன்று கேட்பார்கள். ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற மூன்றாம் கிரேடு சென்சாரின் கண்ணைப் பகலில் யாராவது பேப்பர் ஒட்டி மறைத்தால் அதையே அது தெரிவித்துவிடும். இரண்டாம் கிரேடில் அது கட்டாயமில்லை. கடைக்குள் நாள் முழுக்க ஆட்கள் வந்து போகிற இடத்தில் இது பெரிய விஷயம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பேனல் மூன்றாம் கிரேடாக இருந்து சென்சார் இரண்டாம் கிரேடாக இருந்தால் மொத்தமும் இரண்டாம் கிரேடுதான்.

தம்பியிடம் காட்டிய சில்வர், கோல்டு எல்லாம் அந்தக் கம்பெனி தானே வைத்துக்கொண்ட பெயர், அதற்கும் இந்தக் கிரேடுக்கும் சம்பந்தம் இல்லை. இந்த நாட்டில் இன்சூரன்ஸ்காரர் பார்ப்பது வேறு. அலாரம் பொருத்தியவரும் கண்காணிக்கும் கம்பெனியும் சைட்சா என்கிற அலாரத் தொழில் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவர்களா, ஆயுதம் ஏந்திய ஆட்கள் வரும் ஆர்ம்டு ரெஸ்பான்ஸோடு இணைத்திருக்கிறதா, ஆள் இல்லாத நேரத்தில் அலாரம் போட்டு வைத்திருந்தாயா என்று பல பாலிசிகளில் எழுதியிருப்பார்கள். கிளைம் என்று போனால் பேனலின் பதிவைக் கேட்பார்கள். எந்த நேரத்தில் போட்டாய், எந்த நேரத்தில் எடுத்தாய், எந்த சென்சார் அடித்தது என்று எல்லாமே அதில் இருக்கும். அன்றிரவு அலாரம் போடவில்லை என்று அதில் தெரிந்தால் கிளைம் அங்கேயே நின்றுவிடும். பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ வந்த தடயம் இருந்தால்தான் பணம் என்கிற நிபந்தனையும் சிலவற்றில் உண்டு. அதனால்தான் பாலிசியை முதலில் எடு என்கிறேன். அதில் கேட்டிருப்பதற்குக் கீழே எந்தப் பேக்கேஜ் எடுத்தாலும் மாதாமாதம் கட்டுகிற பிரீமியம் வீண்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே பேக்கேஜ் எடுத்தால் தள்ளுபடி என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். இரண்டுக்கும் தேவை வேறு. கடைக்கு ராத்திரி வருகிறவனுக்கு உள்ளே ஆள் இல்லை என்று தெரியும், சரக்குக்காகத்தான் வருகிறான். அங்கே அலாரத்தின் வேலை, அவன் அள்ளுவதற்குள் ஆளை வரவழைப்பது. வீட்டில் அப்படி இல்லை. இந்த நாட்டில் வீட்டில் ஆள் இருக்கும்போதே, அதுவும் துப்பாக்கியோடு வருகிறார்கள், அதுதான் பயம். உன் மனைவியும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஹாலில் இருக்கும் சென்சார் அடித்து என்ன பயன்? அவன் ஏற்கெனவே ஹாலில் நிற்கிறான். வீட்டு அலாரம் அவன் கதவைத் தொடுவதற்கு முன்னாலேயே உன்னை எழுப்ப வேண்டும். அதனால் வீட்டில் காசைச் சுவருக்கு வெளியே போடு. சுற்றி வெளிப்புற பீம் (கண்ணுக்குத் தெரியாத கதிர், குறுக்கே யாராவது வந்தால் அடிக்கும்) அல்லது வெளிப்புற சென்சார், கட்டிலுக்குப் பக்கத்தில் நிலையாக ஆபத்தில் அழுத்துகிற ஒரு பேனிக் பட்டன், கேட் ரிமோட்டோடு இன்னொன்று. படுக்கையறைப் பக்கம் போகும் நடைபாதையில் ஒரு இரும்பு கிரில் கேட்டும் வேண்டும், இங்கே பல வீடுகளில் இருப்பதை நீயே பார்த்திருப்பாய். ராத்திரி அதைப் பூட்டிவிட்டுப் படுத்தால், ரெஸ்பான்ஸ் வண்டி வந்து சேருகிற நேரம் உனக்குக் கிடைக்கும். அதன் சாவி மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், தீப்பிடித்தால் அதே கேட்டு உங்களைத் தடுத்துவிடக் கூடாது.

மிரட்டல் நேரத்துக்கென்று தனியாக ஒரு ரகசிய எண் உண்டு. துப்பாக்கியை வைத்து "அலாரத்தை அணை" என்றால் அதை அடிக்க வேண்டும். சைரன் நின்றுவிடும், ஆனால் கண்காணிக்கும் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போய்விடும். பொருத்த வருகிறவர்களில் பலர் இதைச் சொல்லிக்கொடுக்காமலே போய்விடுகிறார்கள். நீயே கேட்டு வாங்கிக்கொள், வீட்டில் பெரியவர்களுக்கும் மனப்பாடமாக்கு.

வெளிப்புற பீமைப் பற்றிச் சொல்லும்போது டர்பன் குரங்குகளைச் சொல்லாமல் விட முடியாது. ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில், சாட்ஸ்வொர்த் எங்கே பார்த்தாலும் வெர்வெட் குரங்குக் கூட்டம் விடிந்ததும் மதிலில் ஏறி வரும். பீம் ஒழுங்காக வைக்காவிட்டால் தினமும் காலையில் சைரன்தான். பல்லியும் அப்படித்தான், சென்சார் கண்ணாடி மேல் ஊர்ந்தால் போதும். தொடர்ந்து பொய்யாக அடிக்கிற அலாரத்தை அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கடைசியில் வீட்டுக்காரரே அதைப் போடாமல் விட்டுவிடுவார். இரண்டு கதிரும் ஒரே நேரத்தில் அறுபட்டால் மட்டும் அடிக்கிற பீமாகக் கேள். பொருத்தியவர் கிளம்புவதற்கு முன் நீயே மதில் ஓரமாக நடந்தும் பார், தவழ்ந்தும் பார். அடிக்கவில்லை என்றால் அவரைப் போக விடாதே.

இனி கடை. ஷட்டருக்கும் முன்கதவுக்கும் எல்லோரும் சென்சார் வைக்கிறார்கள். நம்மூரில் வயலுக்கு வேலி கட்டியவர்களுக்குத் தெரியும், வேலி பலமாக இருந்தால் மாடு படலைத்தான் முட்டும். இங்கே அந்தப் படல் கூரைதான். கூரை ஓடுகளையோ தகரத்தையோ கழற்றி, சீலிங் போர்டை உடைத்து உள்ளே இறங்குவார்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காலிக் கடைக்குள் போய் நடுச்சுவரை இடிப்பார்கள். டவுனில் எனக்குத் தெரிந்த ஒருவர் கடையில் அப்படித்தான் நடந்தது. முன்னால் கிரில் என்ன, பூட்டு என்ன, அவ்வளவும் அப்படியே இருக்க, சரக்கு அறையின் அலமாரி மட்டும் காலியாகக் கிடந்தது. சீலிங்குக்கு மேலே ஒரு சென்சார், சரக்கு அறைக்குள் தனியாக ஒரு சென்சார், இந்த இரண்டும் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று பார். கடை இருக்கும் கட்டடத்தின் மேல்தளத்திலும் இரு பக்கத்திலும் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் விசாரித்து வை. செல்போன் சரக்கு கைக்கு அடக்கமானது, விற்பதும் சுலபம். அதனால் உன் கடையை மளிகைக் கடை மாதிரி கணக்கில் வைக்க முடியாது. மாப்பிள்ளை மூன்றாம் கிரேடு என்று சொன்னதை நான் கடைக்கு ஒத்துக்கொள்கிறேன், வீட்டுக்கு வேண்டாம் என்பேன்.

அப்புறம் பேட்டரி. இதைத்தான் யாரும் கேட்பதே இல்லை. பேனல் பெட்டியைத் திறந்தால் அடியில் கறுப்பாகவோ சாம்பலாகவோ 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கும். 2022, 2023-இல் நாடு முழுக்க லோடு ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இந்தப் பேட்டரிகள்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒரு நாளைக்குப் பல தடவை கரண்ட் போகும், திரும்ப வந்து பேட்டரி முழுக்க ஏறுவதற்குள் மறுபடியும் போகும். பக்கவாட்டில் உப்பிப்போய், பெட்டியிலிருந்து உருவ முடியாமல் சிக்கிக்கொண்டவற்றைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பியத் தரத்தில் கரண்ட் இல்லாமல் இரண்டாம் கிரேடு 12 மணி நேரமும் மூன்றாம் கிரேடு 60 மணி நேரமும் தாங்க வேண்டும், பழுது உடனே கண்காணிப்பு மையத்துக்குத் தெரிகிற ஏற்பாடு இருந்தால் மூன்றாம் கிரேடில் அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இப்போது லோடு ஷெடிங் தணிந்திருக்கிறது, ஆனால் டர்பனில் கேபிள் திருட்டாலும் சப்ஸ்டேஷன் பழுதாலும் கரண்ட் போவது நிற்கவில்லை. பேட்டரி மேல் மார்க்கரால் தேதி எழுதி வைக்கச் சொல். மாதம் ஒரு தடவை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அலாரம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார். லித்தியம் பேட்டரி போடுவதாக இருந்தால் அந்தப் பேனலின் சார்ஜருக்கு ஒத்துவருமா என்று கேட்டுவிட்டுப் போடு.

கரண்ட் போனால் செல்போன் டவரும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும், டவர் பேட்டரியையே திருடுகிற ஊர் இது. வெறும் சிம் கார்டை நம்பி இருக்கிற அலாரம் அந்த நேரத்தில் யாரையும் கூப்பிடாது. ஜாமர் வைத்து சிக்னலை அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைக்கு ரேடியோ ஒரு வழி, சிம் ஒரு வழி என்று இரண்டும் கட்டாயம். ஒன்று அறுந்தால் கன்ட்ரோல் ரூம் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கும் என்று கேள், பதிலை எழுத்தில் வாங்கு.

சிங்கப்பூர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, கேமரா நடந்ததைக் காட்டும், ஆளை வரவழைக்காது. அங்கே போலீஸ் வந்துவிடும். இங்கே 10111-க்கு அடித்துவிட்டுக் காத்திருப்பதை மட்டும் நம்பி யாரும் கடை நடத்துவதில்லை. பதிவு பெற்று வேலையில் இருக்கும் தனியார் காவலர்கள் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல், போலீஸைவிடப் பல மடங்கு. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் எல்லோரும் பி.எஸ்.ஐ.ஆர்.ஏ. என்கிற ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், கம்பெனியும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தம்பி, அந்தப் பதிவு எண்ணை வாங்கி அவர்களுடைய இணையதளத்தில் சரிபார். அதைவிட முக்கியம், ராத்திரியில் உன் தெருவுக்கு எத்தனை வண்டி நிற்கிறது, எங்கே நிற்கிறது என்பது. பெரிய பெயருள்ள கம்பெனியின் வண்டி அரை மணி நேரம் தள்ளி இருந்தால், பக்கத்திலேயே நிற்கிற சின்னக் கம்பெனிதான் உனக்கு மேல். விற்பவரிடம் கேட்காதே, எதிர்வீட்டு ஆத்தாவிடம் கேள், பக்கத்துக் கடைக்காரரிடம் கேள்.

எந்த லெவல் அலாரமும் கூட்டமாக வருகிறவர்களை நிறுத்தாது. 2021 ஜூலையில் டர்பனில் நடந்த கலவரத்தையும் கொள்ளையையும் இங்கே இருந்தவர்கள் மறக்கவில்லை, சைரன் அடித்துக்கொண்டே இருக்க கடைகள் காலியாயின. கலவரச் சேதத்துக்குச் சாதாரணப் பாலிசி பணம் தராது, அதற்கென்று 1979-இல் தொடங்கிய சாஸ்ரியா என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. அந்த ஜூலைக்கு மட்டும் அவர்களிடம் 3,000 கோடி ராண்டுக்கு மேல் கிளைம் வந்தது. உன் பாலிசியோடு சாஸ்ரியா சேர்ந்திருக்கிறதா என்று புரோக்கரிடம் கேள், மாதத்துக்குச் சின்னத் தொகைதான். பிளாட்டினத்துக்குக் கூடுதலாகக் கட்டுகிற காசில் இதை முதலில் வாங்கு.

ஒப்பந்தத்தில் 36 மாதம் என்று போட்டிருந்தால் உடனே தலையாட்டாதே. இங்கே நுகர்வோர் சட்டப்படி தனி ஆளாக எடுத்த ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம், நியாயமான ஒரு தொகை மட்டும் பிடிப்பார்கள். கடையைக் கம்பெனி பெயரில் பதிந்து, எதிர்த்தரப்பும் கம்பெனியாக இருந்தால் அந்த வசதி கிடையாது. அதனால் வீட்டு ஒப்பந்தம் உன் பெயரில் தனியாகவும் கடை ஒப்பந்தம் தனியாகவும் இருக்கட்டும். தள்ளுபடிக்காக இரண்டையும் ஒரே தாளில் கோத்துவிடாதே. பேனல் உன் சொத்தா, அவர்கள் வாடகைக்கு வைத்ததா என்பதும் அதே தாளில் இருக்கும், படித்துப் பார்.

அம்மா கொடுத்தனுப்பிய நகையை வீட்டில் வைத்திருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். பாலிசியில் நகையைத் தனியாகக் குறிப்பிட்டு எழுத வேண்டும், போட்டுக்கொள்ளாத நேரத்தில் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிற கம்பெனிகள் உண்டு. அதையும் புரோக்கரிடம் பேசு.

பாலிசியில் அலாரம் பற்றி வரும் பக்கத்தையும், அந்த மூன்று பேக்கேஜ் அட்டையையும் படம் எடுத்து எனக்குத் தனி மடலில் அனுப்பு, குழுவில் போடாதே. உன் வீட்டில் எங்கே என்ன சென்சார் இருக்கிறது என்பது இத்தனை பேருக்குத் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் ஃப்ரீ, கடைக்கு வந்து சீலிங்கில் ஏறிப் பார்த்துவிடலாம். ஏணி மட்டும் ஏற்பாடு பண்ணி வை.

அன்புடன்,
டர்பன் அண்ணன்