வெளிநாட்டில் கையெழுத்துப் போடுமுன் ‘சூப்பர்சீட்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சென்னையிலிருந்து லண்டன், மான்செஸ்டர் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு இது. ஸ்வெட்டர், குக்கர் என்று என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்பதை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். ஒன்று போய் இன்னொன்று வருவதைக் குறிக்கும் சில ஆங்கிலச் சொற்களைப் பற்றி நான் சொல்கிறேன். இவற்றைக் கவனிக்காமல் விட்டால் கையிலிருந்து பணம் போகும்.

முதலில் சூப்பர்சீட் (supersede), அதாவது முன்னதைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் வருவது. சீனியர் இருக்க ஜூனியருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் நம்மூர் அலுவலகங்களில் ‘சூப்பர்சீட் பண்ணிட்டாங்க’ என்பார்கள். 1973-ல் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என்.ரே தலைமை நீதிபதியானதையும் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். அதனால் ஒப்பந்தத்தில் இதைப் பார்த்தால் நமக்குச் சம்பந்தமில்லாத சட்டப் பேச்சு என்று தாண்டிவிடுகிறோம். தாண்டாதீர்கள். ‘இதற்கு முன் பேசியது, எழுதியது எல்லாவற்றையும் இந்த ஒப்பந்தம் சூப்பர்சீட் செய்கிறது’ என்று இருந்தால், இனி அந்தத் தாளில் உள்ளதுதான் கணக்கு. ஆஃபர் லெட்டரில் குடிபெயர்வுப் படி சொல்லியிருப்பார்கள், வேலை ஒப்பந்தத்தில் அது இருக்காது. வீட்டு ஏஜென்ட் ஃபிரிட்ஜ் மாற்றித் தருவதாக மெயில் போட்டிருப்பார், ஒப்பந்தத்தில் ஃபிரிட்ஜ் பேச்சே இருக்காது. கையெழுத்துப் போட்டபின் கேட்டு வாங்குவது பெரும்பாடு. வேளச்சேரியில் ஓனர் வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுப்பதுபோல் அங்கே கொடுக்க வேண்டாம். சொன்னதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

அடுத்தது சப்ஸ்டிடியூட். ‘சப்ஸ்டிடியூட் ஆயில் ஃபார் பட்டர்’ என்றால் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். ‘ரீப்ளேஸ் ஆயில் வித் பட்டர்’ என்றால் எண்ணெய் போய் வெண்ணெய் வரும். அந்த ஊர்க்காரர்களே இதில் ஃபாருக்கு வித் போட்டுக் குழப்புவார்கள். உணவு ஒவ்வாமை உள்ளவர்களும் சைவக்காரர்களும் ஓட்டலில் இந்தச் சொல்லையே விட்டுவிட்டு, எது வேண்டாம், எது வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வேலை தேடுகிறவர்கள் ‘மெட்டர்னிட்டி கவர்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், விடுப்பில் போனவர் திரும்பும்வரைதான் அந்த வேலை என்று புரிந்துகொள்ளுங்கள். ‘பேக்ஃபில்’ என்றால் பெரும்பாலும் விலகிப்போனவரின் இடம். அரசு விடுமுறை நாளில் வேலை பார்த்தால் ‘டே இன் லியூ’, அதாவது பதிலுக்கு இன்னொரு நாள் லீவு, உண்டா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் மெட்ராஸ், பாஸ்போர்ட்டில் சென்னை என்று இருக்கிறதே என ஒரு தங்கை கேட்டிருந்தார். பயப்பட வேண்டாம்மா. ஊர்ப் பெயர் 1996-ல் மாறியது. படிவத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்பு. விளக்கம் கேட்டால் ‘சென்னை, ஃபார்மர்லி மெட்ராஸ்’ என்று எழுது. டிகிரியில் மெட்ராஸ் பல்கலைக்கழகம் என்று இருப்பதை மாற்றி எழுதிவிடாதே, அதன் பெயர் இன்றும் அதுதான்.