தங்கச்சிக்கு எந்தப் பிரதான பாடம்? வணிகம் படித்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நாங்கள் முள்ளியவளை. தங்கச்சி வணிகமாணி இரண்டாம் வருடம் படிக்கிறாள். அடுத்த மாதத்துக்குள் பிரதான பாடத்தையும் தெரிவுப் பாடங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான், கேட்டுப் பார்க்க வேறு யாரும் இல்லை.

அவளுக்குக் கணக்கியலில்தான் விருப்பம். கூடப் படிப்பவர்கள் நிதி முகாமைத்துவம் எடுத்தால் வங்கி வேலை சுகம் என்கிறார்கள். ஆனால் அவள் படித்து முடித்து வன்னியிலேயே இருக்க நினைக்கிறாள். இங்கே அரிசி ஆலை, பால் சேகரிப்பு, கூட்டுறவுச் சங்கம், கடைகள் என்று பார்த்தால் கணக்கு, வரி தெரிந்த ஆள்தான் தேவை என்று எனக்குப் படுகிறது. 2024 ஜனவரியில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 18 வீதமானதிலிருந்து எங்கள் மாமா ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் வவுனியாவுக்கு ஓடுகிறார். அதனால் வரிவிதிப்பு, கணக்காய்வு இரண்டையும் தெரிவுப் பாடமாக எடுக்கச் சொன்னேன். சரிதானா?

இன்னொன்று, பட்டயக் கணக்காளர் பரீட்சையும் எழுத ஆசைப்படுகிறாள். பட்டத்தில் படித்த பாடங்களை வைத்து அங்கே சில தாள்களுக்கு விலக்குக் கிடைக்குமாம். எந்தப் பாடத்தை விட்டால் அந்த விலக்குப் போகும்? இதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ படித்து இப்போது கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் வேலை செய்பவர்கள் இருந்தால், என்ன எடுத்தீர்கள், வேலையில் எது உதவியது என்று எழுதுங்கோ. அவளும் பக்கத்தில் இருந்து வாசிக்கிறாள்.